பத்தியப் பூண்டு

எங்கள் வீட்டில் பூண்டு வாங்குவதில்லை. ரசத்துக்கும் கிடையாது, குழம்புக்கும் கிடையாது. வந்தவர்கள் யாராவது, "ஏனுங்க, ரசம் சப்புன்னு இருக்குதுங்களே" என்றால் இன்னொரு கரண்டி ஊற்றிவிட்டு உள்ளே போய்விடுவேன். பிள்ளை பெற்ற வீட்டுக்குப் போனாலும் வாசலோடு விசாரித்துவிட்டுத் திரும்பிவிடுகிறேன். எனக்குத் தலைக்கனம் என்று சொந்தபந்தத்தில் பேச்சு. பேசட்டும்.

தொண்ணூறுகளின் நடுவில் நாங்கள் சூலூரில் குடியிருந்தோம். நான், அம்மா, அண்ணன், அண்ணி. அப்பா ஆயுசு முழுக்க அடுத்தவர் தோட்டத்தில் மண்வெட்டி பிடித்துவிட்டு, ஒருநாள் வரப்பில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. அண்ணன் மண் பக்கமே தலைவைத்துப் படுக்கமாட்டேன் என்று சோமனூரில் விசைத்தறி ஓட்டப் போனான். நான் டைப்ரைட்டிங் படித்து, படித்த இன்ஸ்டிடியூட்டிலேயே சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தேன். நூல் விலை ஏறி அண்ணன் வேலை பார்த்த தறிக்கூடத்தை இழுத்து மூடியபோது அண்ணி முழுகாமல் இருந்தாள்.

அண்ணி கிணத்துக்கடவுப் பக்கத்துப் பெண். தாய் இல்லை. தலைப்பிரசவத்துக்குப் போக வீடு இல்லாததால் எங்கள் அம்மாவே, "எங்கூட்டுலயே பாத்துக்கறேன் கண்ணு, நீ ஒண்ணும் ரோசிக்காத" என்று சொல்லிவிட்டாள். சொன்னபடி பார்த்துக்கொள்ளவும் செய்தாள். அம்மாவைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. இந்தக் கதையில் எல்லாரும் சொன்னபடி செய்தவர்கள்தான், அதை நினைத்தால்தான் எனக்கு ஆத்திரம் வருகிறது.

அண்ணனோடு பள்ளியில் படித்த ஒருவர் கோயம்புத்தூரில் ஜெராக்ஸ் மெஷின் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தார். வேலையில்லாமல் அலைந்த அண்ணனிடம் அவர்தான் டிரம்மைப் பற்றிச் சொன்னார். மெஷினுக்குள்ளே ஒரு முழ நீளத்தில் அலுமினிய உருளை இருக்கும். அதன்மேல் பளபளவென்று கருஞ்சாம்பல் நிறத்தில் ஒரு பூச்சு. வெளிச்சம் பட்ட இடம் ஒரு மாதிரி, படாத இடம் வேறு மாதிரி நடந்துகொள்ளும், அதற்குத் தக்கபடி மைப்பொடி ஒட்டும். அந்தப் பூச்சுதான் செலினியம். கீறல் விழுந்தால் டிரம்மைத் தூக்கிப் போட்டுவிட்டுப் புதுசு மாட்டுவார்கள். "தூக்கிப் போடற டிரம்முல இருந்து அந்தப் பூச்சை எடுத்துக் குடுத்தா வாங்கறதுக்கு டவுன்ஹால் பக்கம் ஒரு ஆள் இருக்கறாரு மாப்ள. நீ ஊட்டுல உக்காந்தே பண்ணலாம்" என்றார். ஈரோடு, பாலக்காடு, பொள்ளாச்சி என்று எங்கெங்கிருந்தோ பழைய டிரம்கள் சாக்கில் கட்டி லாரி பார்சலில் வரத் தொடங்கின.

இந்தச் செலினியம் எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது என்று எல்லாம் முடிந்த பிறகு நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அதற்கென்று பெரிதாகச் சுரங்கம் எதுவும் கிடையாது. செம்பைச் சுத்தம் செய்யும் தொட்டியில் அடியில் ஒரு சேறு தங்கும், அதில்தான் கிடைக்கிறது. ஜப்பானிலும் கனடாவிலும் பெல்ஜியத்திலும் பிரித்தெடுத்துக் கப்பலேற்றுகிறார்கள். கண்ணாடியின் பச்சைச் சாயலைப் போக்க அதில் ஒரு சிட்டிகை வேண்டும். சிக்னல் விளக்கின் சிவப்புக் கண்ணாடிக்கு வேண்டும். பீங்கானுக்கும் பிளாஸ்டிக்குக்கும் சிவப்பு ஏற்றவும் அதுதான் வேண்டும். பழைய பேட்டரி சார்ஜருக்குள் அதன் தகடுகள் இருக்கும். கோழித் தீவனத்தில்கூடத் தூசியளவு சேர்க்கிறார்கள். தலைமுடியில் பொடுகு போவதற்கான ஷாம்பூவிலும் அது இருக்கிறது என்று படித்தபோது நூலகத்தில் சத்தம் போட்டுச் சிரித்துவிட்டேன். எதிரே பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் எழுந்து வேறு இடத்துக்குப் போனார்.

செம்புக்காரனுக்கு அது கேட்காமல் வந்து சேரும் சரக்கு. செம்பு அதிகம் விற்றால் இதுவும் அதிகம் வரும், வாங்க ஆள் இருக்கிறதோ இல்லையோ. ஆகவே விலை யார் சொல்லையும் கேட்காது. எங்கள் டவுன்ஹால் வியாபாரி மும்பைக்கு எஸ்.டி.டி. போட்டுக் கேட்டுத்தான் அன்றைக்கு என்ன விலை என்று சொல்வார். மும்பையிலிருந்து அது கப்பல் ஏறுகிறது என்று அவர் சொன்னதை அண்ணன் அப்படியே வீட்டில் வந்து அவிழ்த்துவிட்டான். "நம்மூட்டுச் சரக்கு ஜப்பானுக்குப் போகுது, தெரியுமா அம்மணி?" கேரள எல்லையில் இருக்கிற வாளையாறுகூடத் தாண்டாதவன் பேசிய பேச்சு. நானும் அண்ணியும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தோம். அந்த வீட்டில் அப்படிச் சிரித்தது அதுதான் கடைசி என்று எனக்கு ஞாபகம்.

முதலில் அண்ணன் கத்தியால்தான் சுரண்டினான். கை வலித்ததுதான் மிச்சம். அலுமினியமும் சேர்ந்து உரிந்து வந்தது. கலப்புச் சரக்கு என்று வியாபாரி முகத்தைச் சுளித்தார். அதற்குள் ஐப்பசி மழையில் அண்ணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. பிள்ளை பெற்ற வீட்டில் சுடுதண்ணி அடுப்பு ஓயாது. எங்கள் பொடக்காலி, அதாவது வீட்டின் பின்பக்கம் குளிக்கிற இடம், ஒரு தகரக் கூரையும் மூன்று சுவரும்தான். அதில் பெரிய அண்டா வைத்த அடுப்பு. காலையிலும் மாலையிலும் வேப்பிலை போட்டுத் தண்ணீர் கொதித்துக்கொண்டே இருக்கும். ஒருநாள் அடுப்போரம் சாய்த்து வைத்திருந்த டிரம் சூடாகிவிட்டது. அம்மா கவனிக்காமல் அதன்மேல் தண்ணீர் சிந்த, பூச்சு முழுவதும் முட்டை ஓடு மாதிரி வெடித்துக் கழன்று விழுந்தது. அண்ணனுக்குத் தலைகால் புரியவில்லை.

அன்றிலிருந்து அதுதான் முறை. ஒரு இரும்புக் கம்பியில் டிரம்மைக் கோத்து அண்டாவுக்குப் பக்கத்தில் தீயில் காட்டுவான், பிறகு வாளித் தண்ணீரில் முக்குவான். செதில் செதிலாக உதிரும். பழைய வேட்டியில் வடிகட்டி பிஸ்கட் டின்னில் போட்டு வைப்பான். எப்படியும் எரிகிற அடுப்பு, விறகுச் செலவு தனியாக இல்லை என்று அம்மாவுக்கும் திருப்தி. சில டிரம்கள் கூடுதலாகச் சூடாகிவிட்டால் மெல்லிய புகை எழும், அழுகிய முள்ளங்கி போல ஒரு நாற்றம் வரும். சுவரில் அடுப்புக்கு மேலே செங்கல் நிறத்தில் ஒரு படிவு ஏறிக்கொண்டே வந்தது. கரி என்றால் கறுப்பாக இருக்க வேண்டும், இது சிவப்பாக இருக்கிறதே என்று யாரும் கேட்கவில்லை. மழையும் வாடைக்காற்றும் என்று பச்சை உடம்புக்காரிக்காகக் கதவு ஜன்னலை அடைத்தே வைத்திருந்தோம். பொடக்காலியின் புகை நேராகப் பின்கட்டு அறைக்குள் வரும். அங்கேதான் அண்ணியும் பாப்பாவும் படுத்திருந்தார்கள். போதாததற்குக் குளிப்பாட்டி முடித்ததும் இருவர் தலைக்கும் சாம்பிராணி. எது எந்தப் புகை என்று யார் பிரித்துப் பார்ப்பது?

அம்மாவின் பத்தியச் சாப்பாடு முழுக்கப் பூண்டு. நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டு, சுட்ட பூண்டு, பாலில் வேகவைத்த பூண்டு. பால் ஊற வேண்டும் என்று பிள்ளை பெற்றவளுக்கு உரித்து உரித்துக் கொடுப்பாள். கொஞ்ச நாளில் அண்ணியின் மூச்சு, வேர்வை, தலையணை எல்லாம் பூண்டாக வீசியது. அம்மாவுக்கு அதில் பெருமை. பாப்பா கண் சரியாக விழிப்பதற்கு முன்பே அந்த வாசத்துக்கு முகத்தைத் திருப்பும். எவ்வளவு வீறிட்டு அழுதாலும் அண்ணி குனிந்து அதன் முகத்தில் லேசாக ஊதினால் போதும், கப்சிப். "பாரு, பூண்டு வாசத்துலயே அம்மாளக் கண்டுபுடிக்குது" என்று அம்மா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வாள்.

கீறல் விழாத பக்கம் அந்த டிரம் முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளக்கும். அண்ணி ஒரு டிரம்மைத் துடைத்துப் பாப்பாவுக்கு முன்னால் உருட்டி விளையாட்டுக் காட்டுவாள். பாப்பா முதல்முதலாகச் சிரித்தது அதில் தெரிந்த தன் முகத்தைப் பார்த்துத்தான். அந்த வாரமே அண்ணிக்கு முடி கொட்டத் தொடங்கியது. சீப்பில் கொத்துக் கொத்தாக வந்தது. "கொழந்த மொகம் பாத்துச் சிரிக்க ஆரம்பிச்சா அம்மாளுக்கு முடி கொட்டத்தான் கண்ணு செய்யும்" என்றாள் அம்மா. எங்கள் பக்கத்தில் எல்லாரும் நம்புவதுதான், நானும் நம்பினேன். நகங்களில் வெள்ளைக் கோடு விழுந்து, பிறகு நகமே சதையைவிட்டுத் தூக்கிக்கொண்டது. பீத்துணி அலசுகிற சோப்புத் தண்ணீர் என்றாள் அம்மா. உட்கார்ந்தால் எழ முடியவில்லை, விரல் மரத்துப்போகிறது என்றாள் அண்ணி. பச்சை உடம்பு, அப்படித்தான் இருக்கும் என்றோம். மாசியில் குலதெய்வம் கோயிலில் பாப்பாவுக்கு மொட்டை போட்டோம். பிறகு அந்தத் தலையில் முடி முளைக்கவில்லை. மொட்டை போட்ட தலை, மெதுவாகத்தான் வரும் என்றோம். எதைக் கேட்டாலும் எங்கள் வீட்டில் ஒரு பதில் தயாராக இருந்தது. அந்தப் பதில்களை இப்போது நினைத்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

அண்ணன் மேலும் பூண்டு வீசியது. அவன் பூண்டு என்றால் தட்டோரம் ஒதுக்குகிற ஆள். "பொண்டாட்டி பத்தியத்தத் திருடித் தின்னுபோட்டு நிக்கறான் பாரு" என்று அம்மா கேலி செய்தாள். அவனும் வழிந்தான். பிறகு என் முறை வந்தது. இன்ஸ்டிடியூட்டில் ஒரு மாணவி மூக்கைச் சுளித்து, "மிஸ், பூண்டு ஊறுகாயா?" என்று கேட்டாள். எனக்குச் சுருக்கென்றது. அன்று காலையில் நான் சாப்பிட்டுப் போனது வெறும் தயிர்சாதம்.

வீட்டுக்கு வந்ததும் அண்ணியிடம் அதைச் சிரிப்பாகச் சொன்னேன். "உங்க பத்தியம் எம்மேல எல்லாம் ஒட்டிக்கிச்சுங்க அண்ணி" என்றேன். அண்ணி சிரிக்கவில்லை. அம்மா கடைக்குப் போயிருக்கிறாளா என்று எட்டிப் பார்த்துவிட்டு மெல்லச் சொன்னாள்: "ஏனுங் அம்மணி, அத்தைகிட்டச் சொல்லிப்போடாதீங்க. நானு பூண்டு தின்னு நெம்ப நாளாச்சுங்க. வவுறு ஒத்துக்கல, கொமட்டிக்கிட்டு வருது. அத்தை குடுக்கக் குடுக்கக் கருவேப்பலைச் செடிக்கடியில பொதைச்சுப்போடறேன்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அவள் பேசப் பேச என் முகத்தில் அந்த வாசம் அடித்தது. முன்னைவிட அதிகமாக அடித்தது. கருவேப்பிலைச் செடியடியில் கிளறிப் பார்த்தேன். மண்ணுக்குள் வதக்கிய பூண்டு, சுட்ட பூண்டு, பாலில் வெந்த பூண்டு. பூண்டே தின்னாத மூன்று பேர் மேல் அடிக்கிற வாசம் அந்த டிரம்மிலிருந்துதான் வந்திருக்க வேண்டும்.

மறுநாள் வேலைக்கு லீவு சொல்லிவிட்டு நேராக டவுன்ஹால் பக்கம் போனேன். வியாபாரி மரியாதையானவர். நாற்காலி போட்டு, டீ வரவழைத்து, நான் சொன்னதைப் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "தீயில காட்டறாரா? அது நமக்குத் தெரியாதுங்களே. தண்ணி உட்டு உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாருன்னு நெனச்சேன்" என்றார். பூண்டு வாசத்தைப் பற்றிக் கேட்டேன். அதற்கு அவர் ஆச்சரியப்படவே இல்லை. "அது இந்தத் தொழில்ல சகஜமுங்க. நம்ம குடோன் பசங்களுக்கும் வரும். வாசம் வந்துச்சுன்னா லீவு குடுத்து ஊருக்கு அனுப்பிப்போடுவோம். அது போனதுக்கப்புறம் வரச் சொல்லுவோம். அவ்வளவுதானுங்க, பயப்படாதீங்க" என்றார்.

தொழிலில் எல்லாருக்கும் தெரிந்திருக்கிறது. வாசம் வந்தால் உடம்புக்குள் ஏறிவிட்டது என்று அர்த்தம், நிறுத்த வேண்டும். கண்டுபிடிக்க ஊசி வேண்டாம், ரத்தம் வேண்டாம், மூக்கு இருந்தால் போதும். எங்கள் நான்கு பேருக்கும் மூக்கு இருந்தது. ஆனால் எங்கள் வீட்டில் அந்த வருஷம் பூண்டு வாசம் வரத்தான் வேண்டும் என்று நாங்களே எதிர்பார்த்துக் காத்திருந்தோம். டீயைக் குடிக்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

பஸ் பிடித்து வீடு வந்தபோது வாசலில் செருப்புகளாகக் கிடந்தன. பாப்பாவுக்குச் சில நாளாகவே சளி இருந்தது. அன்று மத்தியானம் நெஞ்சுக்கூடு உள்வாங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்திருந்தது. கிடைத்த ஆட்டோவில் கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டர் சின்ன வயசுக்காரர். "வீட்டுல பொகை ஏதாவது உண்டாம்மா?" என்று கேட்டார். அம்மா கும்பிட்டபடி, "சாம்பிராணி மட்டுந்தானுங்க சாமி" என்றாள். அவள் பொய் சொல்லவில்லை. டிரம் அவளுக்கு வேலை, புகை என்றால் சாம்பிராணிதான். நான் குறுக்கிட்டு எல்லாவற்றையும் கொட்டினேன். டாக்டர் செலினியம் என்ற பெயரைக் காகிதத்தில் எழுதிக்கொண்டு போனார். மறுநாள் ஏதோ படித்துவிட்டு வந்து அண்ணியின் விரல்களைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வாயை ஊதச் சொன்னார். பிறகு, இனிமேல் குழந்தைக்குத் தாய்ப்பால் வேண்டாம் என்றார்.

அண்ணிக்கு அது உடனே விளங்கவில்லை. "ஏனுங்க, பாலு நல்லா ஊறுதுங்களே" என்றாள். டாக்டர் தரையைப் பார்த்துக்கொண்டு, பாலிலும் அது கலந்து வரலாம் என்றார். அண்ணி முந்தானையை இழுத்து மார்பை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். அந்த இழுப்பை என்னால் மறக்க முடியவில்லை, தன் உடம்பையே யாரோ திருடன் என்று சொன்ன மாதிரி இழுத்துக்கொண்டாள். பாப்பா அந்த வாரம் முடிவதற்குள் போய்விட்டது. கடைசிவரை மூக்கில் குழாய் இருந்ததால் அண்ணியால் அதன் முகத்தில் ஊதக்கூட முடியவில்லை.

காகிதத்தில் நிமோனியா என்று எழுதினார்கள். நான் டாக்டரிடம் சண்டைக்குப் போனேன். அவர் கோபப்படவில்லை. "அதனாலதான்னு சொல்லவும் முடியலம்மா, இல்லைன்னு சொல்லவும் முடியல. நுரையீரல்ல அந்தப் பொகை போயிருக்கு. டிரம் பூச்சுல ஆர்சனிக் கலக்கறதும் உண்டாம். பெரியவங்க தாங்கிக்குவாங்க" என்றார். நிறுத்திவிட்டால் அண்ணியின் உடம்பு தானாகத் தேறிவிடும், நகம் வந்துவிடும், முடி வந்துவிடும், வாசமும் போய்விடும் என்றும் சொன்னார்.

அண்ணன் பொடக்காலிச் சுவரைக் கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்தான். சிவப்பு போகவில்லை. சுண்ணாம்பு அடித்தான். ஒரு மழை பெய்ததும் பழையபடி சிவப்பு கசிந்து நின்றது. வீட்டில் எடுத்து வைத்த சரக்கு ஒரு பிஸ்கட் டின் நிறைய இருந்தது. அதைக் கொண்டு போனபோது வியாபாரி வருத்தத்தோடு கையை விரித்தார். புதுசாக வருகிற மெஷினில் செலினியம் டிரம் இல்லை, பிளாஸ்டிக் தோல் போட்ட டிரம்தான், மும்பையில் இனி எடுக்கமாட்டார்கள் என்றார். ஜப்பானில் வேண்டாம் என்றார்கள், அதனால் சூலூரிலும் வேண்டாம். ஐந்து மாதம் முன்னால் அவர்கள் வேண்டாம் என்றிருக்கக்கூடாதா என்று நான் தெருவில் நின்று அழுதேன். அண்ணன் டின்னை அக்குளில் இடுக்கிக்கொண்டு பஸ்ஸில் திரும்பி வந்தான். அதைக் கொட்டவும் பயம், வைக்கவும் பயம். பிறகு திருப்பூருக்குச் சாயப்பட்டறை வேலைக்குப் போய்விட்டான். வாரம் ஒருநாள் வருவான், பொடக்காலிப் பக்கம் போகாமல் தெருக்குழாயில் குளித்துவிட்டுக் கிளம்புவான்.

டாக்டர் சொன்னபடியே ஆயிற்று. வைகாசியில் அண்ணிக்கு அடிநகம் இளஞ்சிவப்பாகத் தெரிந்தது. தலையில் குட்டை குட்டையாக முடி எழுந்தது. அம்மா அதைத் தடவிப் பார்த்துத் தடவிப் பார்த்து அழுவாள். அப்போதுதான் ஒரு மத்தியானம் அண்ணி என்னைக் கூப்பிட்டாள். அறையில் தொட்டில் கட்டிய கயிறு இன்னும் உத்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. "சித்த இங்க வாங்க" என்று பக்கத்தில் உட்காரவைத்து, என் முகத்துக்கு நேராக வாயைக் குவித்து மெல்ல ஊதினாள்.

"இன்னும் அடிக்குதுங்களா அம்மணி?"

எனக்குச் சந்தோஷம். எத்தனையோ நாளைக்குப் பிறகு சொல்ல ஒரு நல்ல சேதி கிடைத்ததே என்று அவசர அவசரமாகச் சொன்னேன்: "இல்லீங்க அண்ணி. சுத்தமாப் போயிருச்சு."

அண்ணி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்பறம் பாப்பாக்கு என்னைய எப்படீங்க தெரியும்?" என்றாள்.

பிறகு எழுந்து சமையலறைக்குப் போனாள். கூடையிலிருந்து ஒரு பூண்டை எடுத்து, புதிதாக முளைத்த நகத்தால் தோலைக்கூடச் சரியாக உரிக்காமல் வாயில் போட்டு மென்றாள். கண்ணில் நீர் கொட்டக் கொட்ட மென்றாள். உள்ளங்கையை வாய்க்கு முன்னால் வைத்து ஊதி, முகர்ந்து பார்த்தாள். இன்னொரு பல் எடுத்து மென்றாள். மறுபடி முகர்ந்தாள். நான் கையைப் பிடித்துத் தடுக்கப் போனபோது எல்லாவற்றையும் பாத்திரம் கழுவும் அங்கணத்தில் துப்பிவிட்டு என் தோளில் சாய்ந்தாள்.

"இது அந்த வாசம் இல்லீங்க" என்றாள்.